திருக்கை மீனும் பாதரசமும்: தாய்மார்கள் அறிய வேண்டியவை

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வேண்டுமெனப் பால்சுறாப் புட்டும், பூண்டு சேர்த்த திருக்கைக் குழம்பும் கொடுப்பது நம் கடற்கரை ஊர்களின் நெடுநாள் வழக்கம். கருவுற்றிருக்கும்போதும் இவற்றை உண்ணலாமா என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. மீன் நல்ல உணவே; எந்த மீன், எவ்வளவு என்பதில்தான் கவனம் தேவை.

பாதரசம் மீனுக்குள் வருவது எப்படி?

நிலக்கரி எரிப்பு போன்றவற்றால் காற்றில் கலக்கும் பாதரசம் இறுதியில் கடலை அடைகிறது. அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு உயிர்களை நண்டும் இறாலும் உண்ண, அவற்றைத் திருக்கை உண்ண, ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. கடலடியில் இரை தேடும் திருக்கைகள் மெதுவாக வளர்ந்து பல ஆண்டுகள் வாழ்பவை. பொதுவாக, வயது முதிர்ந்து, பிற மீன்களையும் இரையாக்கும் பெரிய திருக்கையில் பாதரசம் மிகுதியாக இருக்கும். சுறாவுக்கும் இது பொருந்தும்.

யாருக்கு ஆபத்து?

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து, வளரும் சிசுவின் மூளையைத் தாக்க வல்லது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவால் நேர்ந்த பாதரச நோய் 1956இல் வெளிப்பட்டது. அங்குப் பெரிய அறிகுறி ஏதுமில்லாத தாய்மார்களுக்கும் மூளைப் பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. அந்தப் பேரளவு நஞ்சோடு நம் அன்றாட உணவை ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. கருவே முதலில் பாதிக்கப்படும் என்ற பாடத்தை மட்டும் மறக்கலாகாது.

எவ்வளவு உண்ணலாம்?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்திற்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பதே உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு வகுத்த வரம்பு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 80 மைக்ரோகிராம். ஒரு கிலோவில் அரை மில்லிகிராம் கொண்ட மீனாயின், 160 கிராமிலேயே அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும்.

மஞ்சளிட்டுக் கழுவினாலும், புளியிட்டுக் கொதிக்க வைத்தாலும் பாதரசம் நீங்காது; அது தசைப் புரதத்தோடு பிணைந்துள்ளது. கருவாட்டில் நீர் வற்றுவதால், எடைக்கு எடை அதன் செறிவு கூடுகிறது.

எங்கள் பரிந்துரை

• கருவுற்றோரும், கருத்தரிக்க எண்ணுவோரும், பாலூட்டுவோரும், சிறு குழந்தைகளும் சுறாவையும் பெரிய திருக்கையையும் தவிர்ப்பது நல்லது. துண்டாக விற்கும் திருக்கையில் மீனின் அளவு தெரியாது என்பதை நினைவிற் கொள்க.

• மத்தி, நெத்திலி, அயிலை போன்ற சிறு மீன்களை வாரம் இரண்டு மூன்று முறை உண்ணலாம். புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் அவற்றில் நிறைந்துள்ளன.

• பால் சுரப்புக்கு முதன்மையான தூண்டுதல், குழந்தை அடிக்கடி பால் குடிப்பதே. பாதரசத்திற்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

முன்பே சில முறை உண்டிருப்பின் கலங்க வேண்டாம். உண்பதை நிறுத்தினால், இரத்தத்தில் உள்ள அளவு சுமார் 50 நாட்களில் பாதியாகக் குறையும். நெடுநாள் மிகுதியாக உண்டவர்களும், விரல்களிலோ வாயைச் சுற்றியோ மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றை உணர்பவர்களும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். பத்தியச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாரும் மாமியாரும் அடுத்த ஆலோசனைக்கு உடன் வந்தால் மகிழ்வோம்.