பூகம்பத்தைத் தாங்கும் காஷ்மீர் மரச்சட்ட வீடுகள்... எப்படிக் கட்டுகிறார்கள்?

2005-ம் ஆண்டு அக்டோபர் 8, சனிக்கிழமை காலை. பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள காஷ்மீரின் முசாஃபராபாத் அருகே 7.6 அளவில் பூமி குலுங்கியது. பிள்ளைகள் வகுப்பறையில் இருந்த நேரம். பாகிஸ்தான் தரப்பில் மட்டும் 73,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உரி, தங்தார் பகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பலருடைய உயிரைப் பறித்தது, அவர்கள் பாதுகாப்பு என்று நம்பிய கல் சுவரும் கனமான கூரையும்தான்.

அதே மலைப்பகுதியில், மரச்சட்டங்களால் கட்டிய பழைய பாணி வீடுகள் பல, விரிசல்களோடு நின்றன. நிலநடுக்கத்துக்குப் பின் கான்பூர் ஐ.ஐ.டி-யின் துர்கேஷ் ராய், சி.வி.ஆர்.மூர்த்தி தந்த அறிக்கையும் இதைப் பதிவு செய்தது. 'தஜ்ஜி தேவாரி' என்பது இந்தக் கட்டுமானத்தின் பெயர். 'ஒட்டுத்துணி போன்ற சுவர்' என்று பொருள்.

முதலில் கூடு, பிறகு சுவர்!

நம் ஊரில் சுவரை எழுப்பி, அதன்மேல் கூரையை ஏற்றுவோம். இங்கே மரக்கூடு முழுதாக நின்ற பிறகுதான் சுவர் வேலையே தொடங்கும்.

முதலில் கல் அஸ்திவாரம். மழை ஈரமும் பனி ஈரமும் மரத்தில் ஏறாதபடி, தரைமட்டத்தைவிட உயரமாக அதை எழுப்புவார்கள். அதன்மேல் நான்கு பக்கமும் அடிச்சட்டம் படுக்கவைத்து, தூண்களை நிறுத்தி, மேலே விட்டத்தால் இணைப்பார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செருகுவது தச்சரின் வேலை. மூட்டு நழுவாமல் இருக்க ஆணியும் அடிப்பார்கள்.

அடுத்து, தூண்களுக்கு இடையே குறுக்காகவும் சாய்வாகவும் சிறு சட்டங்கள். சுவர் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக, முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். அவற்றில் சிறு கற்களை மண் சாந்து வைத்து அடைத்து, வைக்கோல் கலந்த மண்ணைப் பூசுவார்கள். கூரைக்குப் பெரும்பாலும் லேசான தகரம்.

சிமென்ட் ஏன் வேண்டாம்?

'மண்ணுக்குப் பதில் சிமென்ட் வைத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே' என்று தோன்றும். ஆனால், வீட்டைக் காப்பாற்றுவதே அந்த மண்தான். பூமி ஆடும்போது மரக்கூடு வளைந்து கொடுக்கிறது. உள்ளே இருக்கும் கற்களும் மண்ணும் ஒன்றோடு ஒன்று உரசி, அதிர்வின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன. ஒரு கட்டத்தில் விழுந்த விரிசல், சட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் பரவுவது கடினம். பூச்சு உதிரலாம், சில கற்கள் விழலாம். மொத்தச் சுவரும் ஆட்கள்மேல் சரியும் ஆபத்து குறைவு. சேதமான கட்டத்தை மட்டும் மறுபடி அடைத்தால் போதும்.

பட்டியலில் இல்லாத வீடு

நிலநடுக்கத்தில் வீடு முழுவதும் இடிந்தவர்களுக்கு 1,75,000 ரூபாய் உதவித்தொகையைத் தவணைகளாகத் தர பாகிஸ்தான் அரசு முன்வந்தது. ஆனால், அரசு வகுத்த முறைப்படி கட்டினால்தான் பணம். ஆரம்பத்தில் அந்தப் பட்டியலில் சிமென்ட், கம்பி வீடுகளே இருந்தன. சாலையே இல்லாத மலை உச்சிக்கு மூட்டை மூட்டையாக சிமென்ட் சுமப்பது எப்படி? பலர், இடிந்த வீட்டின் மரத்தையும் கல்லையும் பொறுக்கியெடுத்து, தாத்தா காலத்து முறையிலேயே கட்டத் தொடங்கினார்கள். பொறியாளர்கள் நேரில் பார்த்து எடுத்துச் சொன்ன பிறகு, 2006-ல் தஜ்ஜிக்கும் அனுமதி கிடைத்தது. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இந்த முறையில் எழுந்தன.

கவனம் தேவை

மரம் என்பதாலேயே வீடு தாங்கிவிடாது. மூட்டுகள் தளர்ந்தாலோ, செலவை மிச்சம் பிடிக்க சாய்வுச் சட்டங்களைக் குறைத்தாலோ பலம் போய்விடும். தீயும் கரையானும் எதிரிகள். ஈரம் பட்டு முதலில் உளுத்துப்போவது அடிச்சட்டம்தான். அதனால் ஒவ்வொரு பனிக்காலம் முடிந்ததும், வீட்டைச் சுற்றித் தேங்கிய ஈர மண்ணை அகற்றி, அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பது நல்லது. இற்றுப்போன துண்டை அப்போதே மாற்றிவிட்டால், அடுத்த அதிர்வுக்கும் வீடு தயாராக இருக்கும்.