பட்ட கடனும் உறவின் கடனும்



தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணமும் கடனே. ஒருவர் மற்றொருவருக்குச் செய்தே ஆகவேண்டிய கடமையும் கடனே. முதற்பொருளில் வரும் கடன் ஓர் இளைஞனின் கழுத்தை நெரிக்கும்போது, இரண்டாம் பொருளில் வரும் கடன் அவன் வீட்டாரைத் தட்டி எழுப்புகிறது. இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய இடம் குடும்பம். ஆயினும் நம் வீடுகளில் இச்சந்திப்பு பெரும்பாலும் நிகழ்வதில்லை. நிகழ்ந்தாலும் காலம் கடந்தே நிகழ்கிறது. ஏன் இந்த நிலை? இதை எவ்வாறு மாற்றலாம்? இம்மாதம் இது பற்றிச் சற்றே சிந்திப்போம்.

சாரலை நம்பிய வாழ்வு

தென்காசி, குற்றாலப் பகுதியில் வாழும் நமக்குப் பருவத்தின் அருமை தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குமலையைத் தாண்டிச் சாரல் வீசினால் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் மக்கள் வெள்ளத்தில் நிறையும். பழக்கடை வைத்தவர், பலகாரக் கடை போட்டவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதியில் பணிபுரிபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர் அனைவருக்கும் அந்த இரண்டு மூன்று மாத வருவாயே ஆண்டின் முதுகெலும்பு. கடைக்கு முன்பணம், சரக்குக் கொள்முதல், வண்டிக்குத் தவணை என எல்லாச் செலவும் சாரலுக்கு முன்னரே வந்துவிடும்; வரவோ சாரலுக்குப் பின்னரே வரும். இடைப்பட்ட இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது.

சாரல் பொய்த்தால் என் செய்வது? நீர் பெருகினாலும் துன்பமே. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. தடை வந்தால் கடைவீதி வெறிச்சோடும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய் பருவத்தையே விழுங்கியது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டது. அதனைத் தொடர்ந்து அருவிகளில் குளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய நாட்களில் வியாபாரம் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை.

ஆகவே கடன்பட்ட இளைஞர் அனைவரையும் ஊதாரிகள் என்று முத்திரை குத்துவது நீதியன்று. ஆடம்பரத்தால் கடன்பட்டவர் உண்டு. சூதாட்டச் செயலிகளில் பணத்தை இழந்தவர் உண்டு. தாயின் மருத்துவச் செலவுக்கும் தங்கையின் திருமணத்திற்கும் பொய்த்துப்போன பருவத்திற்கும் கடன்பட்டவரும் உண்டு. நோய் அறிந்தே மருந்து தரவேண்டும்.

மறக்கலாகாத ஒரு நாள்

2017 அக்டோபர் 23ஆம் நாள். அன்று திங்கட்கிழமை, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தென்காசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இளம் கூலித்தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமை தாளாமல், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்தில் விபரீத முடிவெடுத்தார்; நால்வரும் மாண்டுபோயினர். வாங்கிய தொகைக்கு மேலாகக் கட்டிய பின்னரும் கடன் தீரவில்லை என்பதே அவர்களது முறையீடு. ஏற்கனவே மனுக்கள் கொடுத்தும் பயன் கிட்டாத நிலையில் அக்கொடுமை நிகழ்ந்தது. தமிழகம் முழுவதும் அன்று திடுக்கிட்டது.

நான்கு உயிர்களின் விலை என்ன? எந்தக் கடனும் அதற்கு ஈடாகாது. பணம் போனால் ஈட்டலாம். நிலம் போனாலும் வாழலாம். போன உயிர் மீளாது. இதை வாசிக்கும் எவருக்கேனும் அத்தகைய இருண்ட எண்ணம் எழுமானால், இன்றே, இப்பொழுதே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். 14416 என்னும் மனநல உதவி எண்ணும் 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணும் அதற்காகவே உள்ளன. உங்கள் பங்குத்தந்தையின் இல்லக் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

மறைப்பே பெருவட்டி

கடனில் விழுந்த இளைஞன் முதலில் செய்வது மறைப்பது. அப்பாவின் கோபத்திற்கு அஞ்சுகிறான். அம்மாவின் கண்ணீருக்கு அஞ்சுகிறான். அக்காள் கணவர் என்ன நினைப்பாரோ என்று நாணுகிறான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறான். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு வட்டியாக ஏறுகிறது.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் 'பத்து வட்டி' என்பது மாதத்திற்கு நூற்றுக்குப் பத்து ரூபாய். அதாவது ஆண்டிற்கு 120 விழுக்காடு. தண்டல் கடனில் 10,000 ரூபாய் என்று எழுதி, கையில் 9,000 மட்டும் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பர். மேலோட்டமாகப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், அந்த ஆயிரம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 விழுக்காடு வட்டியாகிறது. கடன் அட்டையின் நிலுவைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு என்றால் ஆண்டிற்கு 42 விழுக்காடு.

இப்பொழுது ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். அவனுக்குப் பத்து வட்டியில் 30,000 ரூபாய்க் கடன். மாதந்தோறும் 3,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறான், அசல் அசையவில்லை. அவன் தாய் தன் நகையை வங்கியில் அடகு வைத்து அந்த 30,000 ரூபாயைத் தீர்த்துவிட்டால், ஆண்டிற்குப் பத்து விழுக்காடு என்று கொண்டாலும், மாத வட்டி 250 ரூபாய்தான். மீதி 2,750 ரூபாயை மாதந்தோறும் அசலுக்குச் செலுத்தினால் ஓராண்டிலேயே நகை வீடு திரும்பும். ஒரு மாலைப்பொழுதில் வாய்திறந்து பேசியதன் பயன் இது!

மறைநூல் காட்டும் வழி

விவிலியம் கடனைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. சீராக்கின் ஞானநூல் 29ஆம் அதிகாரத்தை ஒருமுறை குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். துன்புறும் அயலானுக்குக் கடன் கொடு என்று அது தூண்டுகிறது. வாங்கியவன் காலத்தோடு திருப்பித் தரவேண்டும் என்று கண்டிக்கிறது. பிணை நின்று கெட்ட செல்வர் பலர் என்று எச்சரிக்கிறது. இறுதியில், உன்னால் இயன்ற அளவுக்கு உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்னும் பொருள்படச் சமநிலை காட்டுகிறது. இதனினும் தெளிவான குடும்ப நிதிப் பாடம் உண்டோ?

நெகேமியா நூல் 5ஆம் அதிகாரம் மற்றொரு காட்சியைத் தருகிறது. பஞ்சத்தாலும் அரசனின் வரியாலும் மக்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தனர். பிள்ளைகளையே அடிமைகளாக்கும் நிலைக்கு வந்தனர். நெகேமியா அவர்களைக் குறைகூறவில்லை. வட்டி வாங்கிய பெரியோரைச் சபை நடுவே நிறுத்தி, அடகு பிடித்தவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

ஊதாரி மைந்தன் உவமையை அறியாதார் யார்? அவன் விழுந்ததைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம்; எழுந்ததைப் பற்றிக் குறைவாகவே எண்ணுகிறோம். வீட்டிற்குச் சென்று என்ன சொல்வது என்று முன்கூட்டியே சொற்களைத் தேடிவைத்துக்கொண்டு, நடந்தான் அன்றோ! அந்த நடையே அவனைக் காத்தது. மூத்த மகனின் மனக்குறையையும் தந்தை அலட்சியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியே வந்து அவனிடமும் பரிந்து பேசினார். ஒரு பிள்ளைக்கு உதவும்போது மற்றப் பிள்ளைகளின் உள்ளத்தையும் தேற்றவேண்டும் என்பது இதன் பாடம்.

உதவி பெறுவோருக்கு

தம்பி, தங்கையே! உதவி கேட்பது இழிவன்று. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு.

முதலாவது, முழுமையாகச் சொல்லிவிடு. பாதிக் கடனைச் சொல்லி மீதியை மறைத்தால், அடுத்த ஆண்டு மீண்டும் அதே வாசலில் நிற்க நேரும்; அப்பொழுது கதவு எளிதில் திறக்காது. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எதுவரை கட்டியாயிற்று, என்ன எழுதிக் கொடுத்திருக்கிறாய் என ஒரு தாளில் எழுதி அதைப் பெற்றோர் முன் வை.

இரண்டாவது, வட்டி மிகுந்ததை முதலில் தீர். நச்சரிப்பவனுக்கு முதலில் கொடுப்பது இயல்பு. மிகுதியாக உறிஞ்சுபவனை முதலில் விலக்குவதே அறிவு.

மூன்றாவது, பெற்ற உதவியையும் கடனாகவே எண்ணு. வீட்டாரிடம் வாங்கியதற்கும் மாதத் தவணை வகுத்துக்கொள். சிறு தொகையாயினும் தவறாமல் கொடு. அம்மா வேண்டாம் என்றாலும் கொடு. அது அவர்களுக்குப் பணம், உனக்கு மானம்.

நான்காவது, கடனுக்குக் காரணமானது சூதோ குடியோ என்றால், அதற்கு மருந்து தேடாமல் பணத்தை மட்டும் வாங்காதே. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையுமோ?

உதவி செய்வோருக்கு

பெற்றோரே, மகன் வாய்திறக்கும் அந்த நேரம் அரியது. அந்த நேரத்தில் வரும் ஒரு கடுஞ்சொல் அவனை மீண்டும் மறைவிடத்திற்கு விரட்டிவிடும். கேட்டுக்கொள்ளுங்கள், அன்று இரவு தீர்ப்புச் சொல்லவேண்டாம். கண்டிக்க வேண்டியதை நாளை கண்டிக்கலாம். உறவினர் கூடிய திருமணப் பந்தியிலோ திருவிழாவிலோ அதனை எடுத்துக் குத்திக்காட்டாதீர்கள். கொடுத்த பணத்தைவிடச் சொன்ன சொல் நெடுநாள் நிற்கும்.

பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, உடன் சென்று கடன்காரரிடம் நேரில் செலுத்தி, கையொப்பமிட்ட பத்திரத்தையும் வெற்றுக் காசோலையையும் திரும்பப் பெறுவது நன்று. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உதவிக்கும் எல்லை உண்டு. குடியிருக்கும் வீட்டை விற்பதும், மருமகளின் நகையை அவள் மனமொவ்வாமல் எடுப்பதும், அடுத்த பிள்ளையின் படிப்பை நிறுத்துவதும் உதவியல்ல. ஒருவன் விழுந்த குழியில் அனைவரும் விழுவதாகும். புதுக்கடனுக்குப் பிணைக் கையொப்பம் இடுமுன் பலமுறை எண்ணுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. அதேவேளை, வயது வந்த மகன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, கையொப்பமிடாத தந்தை சட்டப்படி பொறுப்பாளி அல்லர். அச்சுறுத்துவோர் இதைச் சொல்லமாட்டார்கள்; நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் துணை

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதலே தனிச்சட்டம் உள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன்பட்டவர் முறையாகச் செலுத்தவேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி நிவாரணம் கோரவும் வழியுண்டு.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது, உற்றார் முன் அவமதிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் ஆணையிட்டது. கைபேசிச் செயலி வழியாகக் கடன் தருவோர், கடனாளியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தல் கூடாது என்பதும் அதே ஆண்டில் வகுத்த நெறியே. படத்தைத் திரித்துப் பரப்புவதாக மிரட்டினால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். வங்கி பற்றிய குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண் வழிகாட்டும்.

பங்கின் பங்கு

குடும்பமே வறியதாயின் யார் உதவுவது? இங்குத்தான் திருச்சபையின் நீண்ட மரபு நினைவுக்கு வருகிறது. 1462இல் இத்தாலியின் பெரூஜியா நகரில், கொடுவட்டிக்காரரிடமிருந்து ஏழைகளைக் காக்க, பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் அறநிலை அடகுக்கடை ஒன்று எழுந்தது. 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அத்தகைய நிலையங்களை ஏற்றது. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் லெவி நகரில் அல்போன்சு தெசர்தேன் என்னும் கத்தோலிக்கர் 1900இல் தொடங்கிய மக்கள் சேமிப்புச் சங்கம் பங்குகள்தோறும் பரவியது. நம் தமிழ் மண்ணிலும் 1904இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஒருவரையொருவர் அறிந்தவர்கள் சிறுகச் சேர்த்து, தேவைப்பட்டவருக்கு நேர்மையான வட்டியில் கொடுப்பது.

நம் அன்பியங்களும், மகளிர் குழுக்களும், வின்சென்ட் தே பவுல் சபையும் இவ்வழியில் இன்னும் செய்யக்கூடியது மிகுதி. ஆடம்பரத் திருமணத்தையும் புதுநன்மை விருந்தையும் கடன் வாங்கி நடத்தும் வழக்கத்தை நாமே குறைத்துக்கொண்டால், பாதிக் கடன் பிறவாமலே போகும். கடன் வாங்கி விருந்து வைத்து வறியவனாகாதே என்று அறிவுறுத்துவதும் அதே சீராக் நூல்தான்.

மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் மன்னிப்பு வேண்டும் இடத்தில் வரும் சொல்லின் நேர்ப்பொருள் 'கடன்கள்' என்பதே. நாள்தோறும் அச்செபத்தைச் சொல்லும் நம் வீடுகளில், கடன்பட்ட பிள்ளை அஞ்சி ஒளிய வேண்டிய நிலை இருத்தல் ஆகாது. ஆதலின் இன்றிரவு செபமாலை முடிந்தபின், பிள்ளைகளைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள்: "உனக்குப் பணக்கஷ்டம் ஏதும் உண்டா? இருந்தால் சொல், சேர்ந்து பார்ப்போம்." கேட்பது பெற்றோரின் கடன், மறைக்காமல் சொல்வது பிள்ளைகளின் கடன்.