தாத்தா பெயர் எந்த ஏட்டில்?

"தாத்தா எங்கே பிறந்தார்?"

ராமநாதபுரம் கடற்கரையில் இப்படிக் கேட்டால், பல வீடுகளில் கடலைக் கை காட்டுவார்கள். "அக்கரையில்" என்பார்கள். அக்கரை என்றால் இலங்கை.

1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரெயிலில் தனுஷ்கோடி வரை போய், கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். தோட்ட வேலைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

போன இடத்தில் பிள்ளை பிறந்தது. பேரனும் பிறந்தான். ஆனால் பலரிடம் அதற்கு அத்தாட்சி இல்லை.

காகிதம் கேட்ட சட்டம்

1948-ம் ஆண்டு இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? அத்தாட்சி எங்கே?" என்று அது கேட்டது. காட்ட முடியாத லட்சக்கணக்கான தமிழர்கள், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்!

1964-ம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. பிறகு கப்பலில் வந்தவர்கள் ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள்.

எங்கே தேடுவது?

இப்படி வந்த குடும்பங்கள், முதலில் வீட்டுப் பெட்டியில் தேடவேண்டும். பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கிடைத்தால், பெயர், வயது, ஊர் தெரிந்துவிடும். அதைக் கொண்டு, இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்கலாம்.

இக்கரையில் பிறந்தவர்களுக்குக் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். நகரத்தில் நகராட்சி அலுவலகம். பழைய ஏடுகளைப் பற்றித் தாலுகா அலுவலகத்திலும் விசாரிக்கலாம். தகப்பனார் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்ற மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஏட்டில் பெயர் இல்லையா? "பதிவு இல்லை" என்று எழுதி வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பதிவுக்கு, அதிகாரம் பெற்ற மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். அதற்கு அந்தக் காகிதம் உதவும்.

திருமணத்தைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதியவேண்டும் என்ற சட்டம் 2009-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய திருமணங்களுக்கு மாதா கோவில் ஏடும், பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகமும் கைகொடுக்கும்.

கடல் கொண்டுபோனால்?

மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாது. மரணச் சான்றிதழும் எளிதில் கிடைக்காது. 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால், அவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால், காணாமல் போன உடனே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். அந்த ரசீதில் உள்ள தேதிதான் பிற்பாடு சாட்சி சொல்லும்.

21 நாட்கள்!

பிறப்பானாலும் இறப்பானாலும் 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்ததும், அதையும் ஏட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சான்றிதழை நகையோடு நகையாகப் பத்திரப்படுத்துங்கள்.

அறுபது வருடம் கழித்து ஒரு பேரன் அதைத் தேடுவான்.