கதிர் மருத்துவம்

பயிரிடையே களை முளைத்தால் உழவன் அதனைப் பறித்து எறிகின்றான். ஆயினும், பயிரின் வேர் அறுபடாதவாறு பார்த்துக்கொள்கின்றான். உடலில் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகிப் புற்றுநோயாகும்போது, மருத்துவரும் அவ்வுழவன் நிலையிலேயே நிற்கின்றார். களையை அழித்தல் வேண்டும். பயிரைக் காத்தல் வேண்டும். கதிர் மருத்துவ முறைகள் பலவாயினும் அவற்றின் நோக்கம் இதுவே.

1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இவற்றின் கதிர்கள் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆற்றல் உடையன. நோயுற்ற அணுக்களையே அன்றி நல்ல அணுக்களையும் அவை தாக்கும். மேரி கியூரி அம்மையாரே குருதிநோயுற்று 1934ஆம் ஆண்டில் மறைந்தார். நெடுங்காலம் கதிர் பட்டமையே அதற்குக் காரணம் என்பர். எனினும், நல்ல அணுக்கள் தம் சிதைவைச் செப்பனிட்டுக்கொள்வதில் வல்லன. புற்றணுக்கள் அத்துணை வல்லன அல்ல. ஆதலின், கதிரைச் சிறு சிறு அளவாகப் பகுத்துப் பல நாள்கள் செலுத்துதல் பெருவழக்காயிற்று.

இம்மருத்துவம் மூவகைப்படும். முதலாவது, கதிரைப் புறத்தேயிருந்து செலுத்துவது. 1951ஆம் ஆண்டில் கனடா நாட்டில் கோபால்ட் 60 என்னும் பொருளின் கதிரால் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினர். அவ்வெந்திரம் எளியது; ஆயினும், அப்பொருளின் கதிர்வீச்சு ஐந்தேகால் ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். பின்னர்ப் பரவிய நேரியல் முடுக்கி, மின்னாற்றலால் எக்ஸ் கதிரை உண்டாக்குவது. கட்டியின் வடிவிற்கேற்பக் கதிரை வரையறுக்க அது பெரிதும் உதவுகின்றது; ஆனால், இடையறா மின்சாரமும் தேர்ந்த வல்லுநரும் அதற்கு வேண்டும். எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்து அப்பாலும் செல்லும். புரோட்டான் துகளோ, குறித்த ஆழத்தில் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் சொரிந்து அங்கேயே நின்றுவிடும். இதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என 1946ஆம் ஆண்டில் ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். ஆயினும், இம்முறைக்குப் பொருட்செலவு மிகுதி.

இரண்டாவது, கதிர்வீசும் பொருளைக் கட்டியின் உள்ளேயோ அருகிலோ வைப்பது. தொலைவு மிகமிகக் கதிரின் வன்மை விரைந்து குறையுமாதலின், கட்டி பெருந்தாக்குதல் பெறும். சேய்மையிலுள்ள உறுப்புகள் பிழைக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் புறமுறையையும் இதனையும் சேர்த்துக் கையாளுவது உண்டு.

மூன்றாவது, கதிர்வீசும் பொருளை மருந்தாக உட்கொள்ளச் செய்வது. தைராய்டுச் சுரப்பி அயோடினை ஈர்க்கும் இயல்பினது. ஆகவே, அச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் சிலவற்றிற்குக் கதிர்வீசும் அயோடினை அளிப்பர். அது குருதிவழிச் சென்று, சிதறிக் கிடக்கும் புற்றணுக்களையும் தேடிச் சேரும்.

இவற்றுள் எது சிறந்தது? புதியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகாது. நோயின் வகை, இடம், பரவிய அளவு ஆகியவற்றை ஆராய்ந்து மருத்துவர் தேர்வதே சிறந்தது.

மாணவர்களே! ஒன்றை மறவாதீர்கள். புற்றுநோய் தொற்றுநோயன்று. புறத்தேயிருந்து கதிர் பெற்றவர் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. ஆயினும், அயோடின் உண்டவர் மருத்துவர் குறிக்கும் சில நாள்கள் விலகியிருத்தல் வேண்டும். இதனை அறியாது நோயாளியை ஒதுக்குவது, நோயினும் கொடிய துன்பத்தை அவருக்குத் தருவதாகும். நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடன். நோயுற்றாரை அன்புடன் அணைத்துக்கொள்வது நம் கடன்.