மேடையைத் துடைக்கலாம், கையைத் தொடக்கூடாது

ஒட்டன்சத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாண சீசன் போக மீதி வேலையெல்லாம் கோயில் மேடைகளில்தான். தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் ஊரைக் கடக்கிற நாட்கள், அப்புறம் மாரியம்மன் நோம்பி நாட்கள் என்று சுற்றுவட்டாரத்தில் எங்காவது ஒரு கச்சேரி இருந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரம், தவில், இன்னிசைக் குழு, சில ஊர்களில் வாய்ப்பாட்டு. அங்கே படம் எடுப்பது பாதி வேலை. ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற டச்சிங் மறுபாதி. அந்த மறுபாதியில் என்ன நடக்கிறது, எது வரைக்கும் போகலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண் பாடுகிறவர் முகத்தை மட்டும் பார்க்கும். கேமரா எல்லாவற்றையும் பார்க்கும். வித்வானின் காதை ஒட்டி ஒரு டியூப் லைட், தோளுக்கு மேலே ஃபிளெக்ஸில் நன்கொடை கொடுத்தவரின் முகம், மடிமேல் மைக் ஒயர், பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். இவற்றை எடுக்கத்தான் ஃபோட்டோஷாப்பில் குளோன் என்கிற கருவி.

ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு படத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு வேறு இடத்தில் பிரஷ்ஷை ஓட்டினால் அங்கே அப்படியே படியும். தையற்காரர் சட்டையின் மடிப்புக்குள் இருக்கும் துணியை வெட்டி அதே சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. ஜரிகை வேட்டிமேல் கிடக்கும் கறுப்பு ஒயரை எடுக்க வேண்டுமென்றால், ஒயருக்கு ஒரு நூல் தள்ளி அதே ஜரிகைக் கரையைத் தொட வேண்டும். கரையின் கோடு விலகாமல் பிரஷ் போக வேண்டும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே மடிப்பு நாலு தடவை வரும். எந்தக் கண்ணும் அதைப் பிடித்துவிடும். அதனால் தொடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பேன். இந்த வேலையை அசல் படத்தின் மேல் செய்வதில்லை. படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி காலி லேயர் ஒன்றைப் போட்டு அதில்தான் செய்வேன். பிடிக்கவில்லை என்றால் லேயரைத் தூக்கிவிடலாம்.

2002-ல் வந்த ஃபோட்டோஷாப் 7-இல் ஹீலிங் பிரஷ் சேர்ந்தது. சுற்றியிருக்கும் நிறத்தோடு தானே கலந்துகொள்ளும். வியர்வை மினுமினுப்புக்கும் பின்திரையின் கறைக்கும் அருமையான கருவி. ஆனால் வயலினின் விளிம்பு, தவிலின் வளையம் போன்ற கூர்மையான ஓரங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிறம் ஈஷிக்கொள்ளும். அங்கே பழைய குளோன்தான் கை கொடுக்கும்.

இந்த வேலைக்குக் கருவி தெரிந்தால் மட்டும் போதாது, வாத்தியமும் தெரிய வேண்டும். தவில் வாசிப்பவரின் வலக்கை விரல்களில் வெள்ளையாகக் கூடு மாட்டியிருக்கும். துணியும் பசையும் சேர்த்துச் செய்து காயவைத்தது. தெரியாதவர்களுக்கு அது காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரி இருக்கும், சுத்தமாக அழித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துத் தவில்காரர் ஒருவர் என் கடைக்கு வந்து திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, மொகத்துல எதை வேணாலும் எடுங்க. கூட்டை மட்டும் எடுத்துராதீங்க. அப்புறம் நான் வெறுங்கையில தட்டுறேன்னு நெனச்சுக்குவாங்க.” “தொட மாட்டேங்கண்ணே” என்றேன். நாதஸ்வரத்திலும் இப்படித்தான். மேல் முனையிலிருந்து கயிற்றில், வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் சில தொங்கும். படத்தில் பார்த்தால் குப்பை மாதிரி தெரியும். வாசிக்கிற சீவாளி மக்கர் செய்தால் மாற்றிக்கொள்வதற்காக வைத்திருப்பவை அவை. விரல் வைக்கிற துளை ஏழு. அதற்குக் கீழே சுருதிக்காக மெழுகு வைத்து அடைக்கிற துளைகள் வேறு இருக்கின்றன. குளோன் பிரஷ் ஒரு துளையைக் கூட்டினாலும் குறைத்தாலும், ஊதத் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது படத்தைக் கண்ணாடி பார்ப்பதுபோல் திருப்புவதில்தான். ஃபிளெக்ஸில் முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரே கிளிக்கில் செய்துவிடுகிறார்கள். கர்நாடகக் கச்சேரியில் ரசிகர் பக்கமிருந்து பார்த்தால் வழக்கமாக மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். 1962-ல் மறைந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசிக்க வேண்டுமென்றால் மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு ஒப்பாத வயலின் வித்வான்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிள்ளைக்குத் துணை நின்று மேடை கொடுத்தார். பழனி என்ற ஊர்ப் பெயரைத் தன் பெயராகக் கொண்ட அந்த இடக்கை மேதையின் படத்தைப் பார்த்து “நெகட்டிவ் திரும்பிவிட்டது” என்று ஒருவர் சரிசெய்தால், அந்த மனிதர் பட்ட பாடே படத்திலிருந்து அழிந்துபோகும். வலக்கைக்காரர் படத்தைத் திருப்பினாலும் நடப்பது அதே பொய்தான்.

இனி மாஸ்க். 1994-ல் ஃபோட்டோஷாப் 3 லேயர்களைக் கொண்டுவந்தது; எங்கள் வேலையின் போக்கையே மாற்றியது அதுதான். ஒரு லேயருக்கு மாஸ்க் போட்டால், அதில் கறுப்பு அடித்த இடம் மறையும், வெள்ளை அடித்த இடம் தெரியும், சாம்பல் அடித்த இடம் அரைகுறையாகத் தெரியும். மறைந்தது அழிவதில்லை. மறுபடி வெள்ளை அடித்தால் திரும்பி வரும்.

இன்னிசைக் குழு மேடைகளில் இது இல்லாமல் முடியாது. எல்இடி விளக்கு ஒரு நிமிஷம் சிவப்பு, மறு நிமிஷம் நீலம். பாடுகிற பெண்ணின் முகம் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாக இருக்கும். நிறத்தைக் குறைக்கும் லேயர் ஒன்றைப் போட்டு, மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, முகத்திலும் கழுத்திலும் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை தடவுவேன். மேடையின் வண்ணம் அப்படியே இருக்கும், முகம் மனித நிறத்துக்கு வரும். முழுதாக வரவிடக் கூடாது. விளக்கடியில் நின்றவர் முகத்தில் விளக்கின் சாயல் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். சுத்தச் சிவப்பு வெளிச்சத்தில், படத்தின் மூன்று நிற அடுக்குகளில் ஒன்றான சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்துவிட்டால், கன்னத்தின் மேடுபள்ளம் அதில் பதிந்திருக்காது. பச்சை, நீலச் சேனல்களில் மிச்சம் ஏதாவது இருந்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காப்பாற்றலாம். அங்கேயும் இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுவேன். இல்லாத முகத்தை வரைவது என் வேலை இல்லை.

ஃபிலிம் காலத்திலும் டச்சிங் இருந்தது. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகச் சுருக்கத்தை மறைப்பார்கள். அதற்குப் பொறுமையும் நாட்களும் வேண்டும். இன்று நிமிஷத்தில் முடிவதால்தான் எல்லை தேவைப்படுகிறது. 2006-ல் லெபனான் போரின்போது பெய்ரூட் நகரத்துப் புகையைக் குளோன் செய்து அடர்த்தியாக்கிய ஒரு படம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வழியாக வெளியானது. ஒரே மாதிரியான புகைச் சுருள் திரும்பத் திரும்ப வந்ததை வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. கைவேலையும் மோசம், நோக்கமும் மோசம்.

பேப்பருக்குப் போகிற கச்சேரிப் படத்தில் நான் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் குளோன் கிடையாது. பாட்டில் இருந்தால் இருக்கட்டும். குழுவின் நோட்டீஸுக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஒயர், பாட்டில், டியூப் லைட் எல்லாம் எடுத்துத் தருவேன். “பக்கவாத்தியக்காரரை எடுத்துட்டு நம்ம ஆளை மட்டும் பெருசா வைங்க” என்று கேட்டால் மாட்டேன் என்பேன். வேண்டுமென்றால் தனியாக எடுத்த வேறு படத்தைத் தேடிக் கொடுப்பேன். கலைஞர்களுக்குப் படம் கொடுக்கும்போது தொட்டதையும் தொடாததையும் ஒரே பென் டிரைவில், ஊரும் தேதியும் எழுதித் தனித்தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுக்கிறேன். லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாத ஃபைல் என்னிடம் இருக்கும். வந்து கேட்டால் எந்த இடத்தில் என்ன எடுத்தேன் என்று ஒவ்வொரு மாஸ்க்காகத் திறந்து காட்டுவேன்.