சிறையில் இருந்தாலே குற்றவாளியா? அக்யூஸ்டு, அண்டர்டிரையல், கன்விக்ட், டெடன்யூ - என்ன வித்தியாசம்?

'இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் குற்றவாளிகள்' என்று ஒரு தலைப்பு வந்தால், பெரும்பாலானவர்கள் அப்படியே நம்பிவிட்டுக் கடந்துபோவோம். எண் சரிதான். சொல்தான் தப்பு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவர அறிக்கைப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் 1,33,415 பேர் மட்டுமே. 4,34,302 பேர், அதாவது 75.8%, விசாரணைக் கைதிகள். சிறையில் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை.

இந்த அறிக்கையிலும் கோர்ட் செய்திகளிலும் அடிக்கடி வரும் நான்கு ஆங்கிலச் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

அக்யூஸ்டு யார்?

ஒருவர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது, அவ்வளவுதான். தமிழில் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. அவர் சிறையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஜாமீனில் வெளியே வந்து வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். 'குற்றவாளி கைது' என்று எழுதுவது இதனால்தான் தவறு. கைது செய்வது போலீஸின் வேலை. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை.

அப்போ அண்டர்டிரையல்?

குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு முடியாத நிலையில் சிறையில் இருப்பவர். 'விசாரணைக் கைதி' என்கிறோம். ஜாமீன் மறுக்கப்பட்டவர்களும் உண்டு. ஜாமீன் கிடைத்தும், பிணைத்தொகை கட்டவோ ஜாமீன்தாரரைக் காட்டவோ வழியில்லாமல் உள்ளேயே இருக்கும் ஏழைகளும் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479வது பிரிவு இவர்களுக்கு முக்கியமானது. ஒரு குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீனில் வரலாம். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை.

கன்விக்ட் என்றால்?

விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னவர். 'தண்டனைக் கைதி'. குற்றவாளி என்ற சொல் இவருக்குத்தான் பொருந்தும். 'பரோல்' என்ற சொல்லும் பெரும்பாலும் இவரைப் பற்றிய செய்தியில்தான் வரும். விசாரணைக் கைதி வெளியே வருவது பொதுவாக ஜாமீனில்.

டெடன்யூ யார்?

இவர் கதையே வேறு. குற்றம் செய்துவிட்டார் என்பதற்காக அல்ல, இனிமேல் செய்யக்கூடும் என்று அரசு கருதுவதால் அடைக்கப்பட்டவர். 'தடுப்புக் காவல் கைதி'. தேசிய பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டில் 'குண்டாஸ்' எனப்படும் குண்டர் சட்டம் எல்லாம் இந்த வகை. சாதாரணமாகக் கைதாகும் ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22வது பிரிவு தரும் இந்தப் பாதுகாப்பு தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது. 2022 கணக்கில் இப்படி 4,324 பேர் இருந்தார்கள். நாட்டிலேயே அதிகம் தமிழ்நாட்டில்.

சொல் மாறினால் என்ன ஆகும்?

உரிமையே மாறும். தேர்தலை எடுத்துக்கொள்வோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி, சிறையில் இருக்கும் தண்டனைக் கைதியும் விசாரணைக் கைதியும் ஓட்டுப் போட முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவர் போடலாம்.

போட்டியிடும் விதி வேறு. 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி 6 ஆண்டுகள் வரை போட்டியிட முடியாது. மற்ற இருவருக்கும் அந்தத் தடை இல்லை. ஆக, விசாரணைக் கைதி ஓட்டுக் கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது!

2024 மக்களவைத் தேர்தலிலேயே இதைப் பார்த்தோம். உபா வழக்கில் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த இன்ஜினியர் ரஷீத், காஷ்மீரின் பாரமுல்லாவில் ஜெயித்தார். தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் அசாமின் திப்ரூகர் சிறையில் வைக்கப்பட்டிருந்த அம்ரித்பால் சிங், பஞ்சாபின் கதூர் சாஹிபில் ஜெயித்தார். இருவரும் சிறையில் இருந்தார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இருவரும் வேறு வேறு வகை. இருவருமே தண்டனைக் கைதிகள் இல்லை.

அடுத்த முறை 'குற்றவாளி' என்ற சொல்லைச் செய்தியிலோ வாட்ஸ்அப் ஃபார்வர்டிலோ பார்த்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தீர்ப்பு வந்துவிட்டதா? வரவில்லை என்றால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. வழக்கு பொய் என்று நாளை நிரூபணமானாலும், இன்று ஒட்டிய பெயரை அவர் குடும்பம் அத்தனை சுலபத்தில் கழற்றிவிட முடியாது.