இன அரசியலும் மக்கள் நல்வாழ்வும்: அமெரிக்க மருத்துவமனைகளில் பாகுபாடு ஒழிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இனங்களுக்கிடையே காணப்படும் நோய், இறப்பு வேறுபாடுகளுக்கு உடற்கூறே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களின் மருத்துவமனைகளுக்குப் பொதுநிதி எந்த நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது என்பதை நோக்கும்போது, அவ்வேறுபாடுகள் கூடுவதிலும் குறைவதிலும் அரசின் கொள்கைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது புலனாகிறது. இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: இனப் பாகுபாடு, பொதுக்கொள்கை, மெடிகேர், மெடிகெய்டு, சிசு இறப்பு

முன்னுரை

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கறுப்பினப் பெண்களிடையே 69.9 மகப்பேற்று இறப்புகளும் வெள்ளையினப் பெண்களிடையே 26.6 இறப்புகளும் நிகழ்ந்தன. ஒரே நாட்டில், ஒரே மருத்துவ அறிவு நிலவும் காலத்தில் இத்தகைய இடைவெளி இருப்பதற்கு மருத்துவக் காரணங்கள் மட்டும் போதிய விளக்கம் தருவதில்லை. நோய் உடலில் தோன்றினாலும், சிகிச்சை யாரைச் சென்றடைகிறது என்பதைச் சட்டமும் நிதி ஒதுக்கீடும் தீர்மானிக்கின்றன.

1. சட்டம் ஏற்ற பாகுபாடு

1946இல் இயற்றப்பட்ட ஹில்-பர்ட்டன் சட்டம், மருத்துவமனைகள் கட்டுவதற்குக் கூட்டாட்சி அரசின் நிதியை வழங்கியது. பாகுபாடு கூடாது என்று அச்சட்டம் கூறினாலும், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வசதிகள் சமமாக இருக்குமாயின் அவற்றை அமைக்கலாம் என்று விலக்கு அளித்தது. திட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் இருந்தது. தென் மாநில உறுப்பினர்களின் செல்வாக்கு மிகுந்திருந்த அன்றைய நாடாளுமன்றத்தில், இத்தகைய விலக்கு பல நலச் சட்டங்களுக்கு உரிய விலையாக அமைந்தது. விளைவாக, கறுப்பினத்தவரும் செலுத்திய வரியால் எழுந்த மருத்துவமனைகளில் அவர்களுக்கே இடம் மறுக்கப்பட்டது.

2. நீதிமன்றத் தீர்ப்பும் நிதி நிபந்தனையும்

வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் பிற கறுப்பின மருத்துவர்களும் நோயாளிகளும் 1962இல் வழக்குத் தொடுத்தனர். அரசு நிதி பெற்ற மருத்துவமனை தனியாருடையதாயினும் பாகுபாடு காட்ட இயலாது என்று 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஹில்-பர்ட்டன் சட்டத்தின் விலக்கையும் நீக்கியது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் திட்டங்கள் அனைத்திலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

இச்சட்டத்துக்கு நடைமுறை வலிமை தந்தது மெடிகேர் ஆகும். முதியோருக்கான இக்காப்பீட்டுத் திட்டம் 1966 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயாளிகளை இனம் பார்க்காமல் சேர்த்தல், அறைகளை இனம் பார்க்காமல் ஒதுக்குதல், கறுப்பின மருத்துவர்களுக்கும் பணியாற்றும் உரிமை வழங்குதல் ஆகியவற்றை ஏற்ற மருத்துவமனைகளே நிதி பெறத் தகுதியுடையவை ஆயின. நீதிமன்ற ஆணைகளுக்குப் பின்னும் பள்ளிகளில் பாகுபாடு பல ஆண்டுகள் நீடித்த நிலையில், சுமார் ஆயிரம் மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே அதனைக் கைவிட்டன. ஆயினும் மருத்துவர்களின் தனிப்பட்ட பணிக்கான கட்டணத்துக்கு இந்நிபந்தனை பொருத்தப்படவில்லை. ஆகவே மருத்துவமனைக்கு வெளியே தனிச் சிகிச்சையகங்களில் பாகுபாடு தொடர இடமிருந்தது.

3. சிசு இறப்பு தரும் சான்று

இம்மாற்றத்தின் பயனை மிசிசிப்பி மாநிலத்தில் காணலாம். டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோரின் ஆய்வு, பிறந்து ஒரு மாதம் கடந்த கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு 1965க்குப் பின்னர் வேகமாகக் குறைந்ததை எடுத்துக்காட்டுகிறது. உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தால் தடுக்கக்கூடிய வயிற்றுப்போக்கு, நிமோனியா ஆகியவற்றால் நேர்ந்த இறப்புகளே பெரிதும் குறைந்தன.

இங்கு ஒரு வினா எழுகிறது. ஏழைகளுக்குக் காப்பீடு கிடைத்ததே இதற்குக் காரணம் எனலாமா? மெடிகேர் முதியோருக்கு உரியது. குழந்தைகளுக்கு அதில் பங்கில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்தை மிசிசிப்பி 1970இல்தான் ஏற்றது. ஆகவே, முதியோருக்கான நிதியைப் பெறும்பொருட்டு மருத்துவமனை தன் வாயிலை அனைவருக்கும் திறந்தபோது, அந்நிதியில் பங்கற்ற குழந்தைகளும் பிழைத்தனர் என்று கொள்வதே பொருத்தமுடையது. குறுகிய காலத்தில் உடற்கூறு மாறியிருக்க இயலாது, மாறியது கொள்கையே.

4. மீண்டும் மாநிலங்களின் விருப்பம்

2010ஆம் ஆண்டின் நலச் சட்டம், வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 விழுக்காடு வரையுள்ளோர்க்கு மெடிகெய்டை விரிவாக்கியது. ஏற்காத மாநிலங்கள் ஏற்கெனவே பெற்றுவந்த மெடிகெய்டு நிதியையும் இழக்கும் என்ற நிபந்தனையை 2012இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களை வற்புறுத்துவதாகக் கருதித் தள்ளியது. 1966இல் மருத்துவமனைகளிடம் பயன்பட்ட கருவி இம்முறை மாநிலங்களிடம் பயன்படவில்லை. விரிவாக்கத்தை இன்னும் ஏற்காத மாநிலங்களில் பெரும்பாலானவை மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களே. அவற்றுள் பலவற்றில், சார்ந்து வாழும் குழந்தைகள் இல்லாத ஏழைப் பெரியவர் எவ்வளவு வறியவராயினும் மெடிகெய்டு பெறுவது அரிது.

இவ்விழப்பு கறுப்பினத்தவரோடு நிற்பதில்லை. ஜோனாதன் மெட்சல் 2019இல் வெளியிட்ட ‘டையிங் ஆஃப் ஒயிட்னஸ்’ என்னும் நூல், டென்னசி மாநிலத்தின் ஏழை வெள்ளையர் சிலர், பிற இனத்தவர் பயன்பெறுவர் என்பதற்காகவே தமக்கும் பயன்தரும் திட்டத்தை எதிர்த்ததைப் பதிவுசெய்கிறது.

முடிவுரை

இனம் நோயைத் தீர்மானிக்கிறது என்பதைவிட, இனத்தின் பெயரால் வகுக்கப்படும் கொள்கை நோயின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் மட்டும் போதுமானதன்று. நிதியோடு பிணைந்த நிபந்தனையும், அதனைக் கண்காணிக்கும் அமைப்பும், உள்ளூர் விருப்பத்துக்கு விட்டுவிடாத உறுதியும் சேர்ந்தபோது இறப்புகள் குறைந்தன. அவற்றுள் ஒன்று தளர்ந்த இடத்தில் ஏழைகளின் சிகிச்சை மீண்டும் அரசியலின் பிடிக்குள் சென்றது. நலத் திட்டங்களை மதிப்பிடுவோர் ஒதுக்கிய தொகையோடு, அது எந்த நிபந்தனையுடன் யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.